கூலியை வைத்து உயிரை அளக்கலாமா?



இந்த நினைவுச் சொற்பொழிவில் வழக்கமாகக் கவிதை பற்றியோ, நாவல் பற்றியோ, நம் மக்களின் வரலாறு பற்றியோ பேசுவோம். 2024ஆம் ஆண்டின் இந்த அக்டோபர் கூட்டத்தில் ஒரு கணக்கைப் பற்றிப் பேசுகிறோம். இலக்கிய மன்றத்துக்குக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். எங்களுக்கு அந்தக் கணக்கு ஒரு சாவு வீட்டு வாசலில் வந்து சேர்ந்தது. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

பதினைந்து ஆண்டுகள் இருக்கும். கூட்டேரிப்பட்டுக்குக் கிட்டத்தில் ஒரு ஊர். நம் காலனிப் பையன் ஒருவன் செப்டிக் டேங்க்கில் இறங்கி விஷவாயுவில் செத்துப்போனான். உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் வேலைக்குக் கூப்பிட்டவர் தரப்பில் ஒரு ஆள் வந்துவிட்டார். "ஒரு தொகை சொல்லுங்க, பேசி முடிச்சிடலாம்" என்றார். வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள். படித்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் என்று நம்பினார்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாள் கூலி எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் வேலை, இன்னும் எத்தனை வருஷம் உழைத்திருப்பான். பெருக்கிப் பார்த்து ஒரு தொகை சொன்னோம். அதில் பாதிக்குத்தான் முடிந்தது.

அன்று அவனுடைய அம்மா எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: "எம்புள்ளைக்குக் கூலி கம்மின்னா, எம்புள்ளையும் கம்மியா தம்பி?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. இந்த உரை அந்தக் கேள்விக்குக் காலம் கடந்து நாங்கள் தேடிக்கொண்ட பதில்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது

உலகெங்கும் பொருளாதார அறிஞர்கள் உயிருக்கு ஒரு மதிப்புப் போடுகிறார்கள். 'புள்ளியியல் உயிர் மதிப்பு' என்று அதற்குப் பெயர். ஒரு சாலையை அகலப்படுத்தலாமா, ஒரு ஆலைக்குப் பாதுகாப்பு விதி கொண்டு வரலாமா என்று அரசுகள் முடிவெடுக்கும்போது, செலவு ஒரு பக்கம், காப்பாற்றப்படும் உயிர்கள் மறுபக்கம் என்று தராசில் வைக்கிறார்கள். உயிர் இருக்கும் தட்டில் வைக்க ஒரு ரூபாய் எண் வேண்டும். அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது? ஆபத்தான வேலைக்குத் தரப்படும் கூலியிலிருந்து என்பது அவர்கள் கண்ட வழி.

ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறோம். இரண்டு வேலைகள், நேரம், திறமை எல்லாம் ஒன்று. ஒரே வேறுபாடு: இரண்டாவது வேலையில் ஆண்டுக்கு 10,000 பேரில் ஒருவர் கூடுதலாகச் சாகிறார். அதற்காக அந்த வேலைக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் கூடுதலாகத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 10,000 பேரும் சேர்ந்து வாங்கும் கூடுதல் கூலி ஒரு கோடி ரூபாய். அந்த ஒரு கோடிக்கு ஈடாக அவர்களில் யாரோ ஒருவர் உயிர் போகிறது. ஆகவே ஒரு உயிரின் மதிப்பு ஒரு கோடி. அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் 'புள்ளியியல் உயிர்' என்கிறார்கள்.

இந்த யோசனையின் வேர் பழையது. 1776இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' நூலில் ஆடம் ஸ்மித், கடினமான, அழுக்கான, மதிப்புக் குறைந்த வேலைகளுக்கு அந்தக் குறையை ஈடுகட்டக் கூலி கூடும் என்று எழுதினார். தூக்குப் போடுகிறவனின் வேலையை எல்லோரும் வெறுக்கிறார்கள். ஆகவே செய்கிற வேலையின் அளவோடு ஒப்பிட்டால் சாதாரணத் தொழில் எதையும்விட அவனுக்குக் கூலி அதிகம் என்பது அவர் தந்த சான்று. 1976இல் ரிச்சர்ட் தேலர், ஷெர்வின் ரோசன் ஆகிய இரு அமெரிக்கர்கள் தொழில்வாரியான இறப்பு விவரங்களையும் கூலி விவரங்களையும் சேர்த்து வைத்து இதை ஒரு அளவீட்டு முறையாக ஆக்கினார்கள்.

ஸ்மித்தின் தூக்குப் போடுகிறவனை நம் ஊருக்குக் கூட்டி வந்து பாருங்கள். நம் ஊரில் எல்லோரும் வெறுத்த வேலைகள் எவை? பிணம் சுடுவது, செத்த மாடு தூக்குவது, மலம் அள்ளுவது. ஸ்மித் சொன்னது உண்மையானால் ஊரிலேயே அதிகக் கூலி வாங்கியவர் வெட்டியானாக இருந்திருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தது வாய்க்கரிசியும் சில்லறையும். இந்த ஓட்டையை ஐரோப்பாவிலேயே ஒருவர் பார்த்துவிட்டார். 1848இல் ஜான் ஸ்டூவர்ட் மில், மிகவும் களைப்பூட்டும், அருவருப்பான வேலைகளுக்குத்தான் மிகக் குறைந்த கூலி கிடைக்கிறது. வேறு வழியில்லாதவர்கள் அவற்றைச் செய்வதே காரணம் என்று எழுதினார். ஸ்மித் படித்த அளவுக்கு மில்லின் இந்த இடம் படிக்கப்படுவதில்லை.

சென்னையில் நடந்த ஆய்வு

இந்த முறையை வைத்து நம் மாநிலத்திலேயே ஆய்வு நடந்திருக்கிறது. சென்னைப் பொருளியல் பள்ளியில் பணியாற்றிய கே.ஆர். சண்முகம், 1990இல் சென்னை மாவட்ட ஆலைத் தொழிலாளர்கள் 522 பேரிடம் திரட்டிய விவரங்களை வைத்துப் பல கட்டுரைகள் எழுதினார். அந்தத் தொழிலாளர்கள் சந்தித்த மரண ஆபத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் பத்து. ஒரு உயிரின் மதிப்பு அன்றைய விலையிலேயே ஒரு கோடி ரூபாய்க்கு மேல் என்று அவர் கணக்கு காட்டியது. சென்னை, மும்பைத் தொழிலாளர்களை வைத்து எஸ். மாதேஸ்வரன் 2007இல் வெளியிட்ட ஆய்வு சுமார் ஒன்றரைக் கோடி என்றது.

ஒன்றரைக் கோடி! எங்கள் வேப்பமரத்தடிக் கணக்கில் வந்தது அதில் ஒரு சிறு துண்டுகூட இல்லை. ஏன்?

முதல் காரணம், அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் யார் என்பது. அவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். வருகைப் பதிவேடு உண்டு. விபத்து நடந்தால் தொழிற்சாலை ஆய்வாளரின் பேரேட்டில் ஏறும். மலக்குழியில் இறங்குகிறவருக்கு அந்தப் பேரேட்டில் பக்கமே கிடையாது. ஆபத்தை எண்ணாத இடத்தில் ஆபத்துக்கான கூலியை எப்படிக் கணக்கிடுவது?

எண்ண மறுப்பதும் தற்செயல் அல்ல. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில், கையால் மலம் அள்ளியதால் மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று சொன்னது. பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் செத்தவர்களை 'ஆபத்தான துப்புரவு' என்ற வேறு தலைப்பில் வைத்துவிட்டதால் முதல் தலைப்பில் பூஜ்யம் வந்தது. அதே அரசு தந்த கணக்குப்படி, 1993 முதல் இப்படிச் செத்தவர்கள் நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேல். மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இங்கே மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர். இதுவும் பதிவானவர்கள் மட்டுமே.

செத்தவர்கள் யார் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இந்த ஆண்டு வெளியான ஒரு விவரத்தை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 'நமஸ்தே' திட்டத்தின் கீழ் விவரம் எடுக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் ஏறக்குறைய 69 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 சதவீதத்தை நெருங்குகிறது.

மறுக்க முடிந்தவனுக்கே ஈடு

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. ஆபத்துக்கு ஏற்பக் கூலி கூட வேண்டுமானால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போக அந்த ஆளால் முடிய வேண்டும். அவன் போய்விடுவான் என்ற பயத்தில்தான் முதலாளி கூடுதலாகத் தருவான். போக இடமில்லை என்று தெரிந்தால் ஒரு ரூபாய்கூட ஏற்ற மாட்டான்.

பாபாசாகேப் அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி வேலைகளைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கி வைக்கிறது என்று விளக்கினார். அவரவர் விருப்பமோ திறமையோ அங்கே வேலையைத் தீர்மானிப்பதில்லை, பிறப்புத் தீர்மானிக்கிறது. பொருளாதார மொழியில் இதைச் சொன்னால், சாதி முதலில் பறிப்பது மறுக்கும் உரிமையை. அது போன பிறகு, ஆபத்துக்கான ஈடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துச் செங்கல் சூளைகளையும் கல் குவாரிகளையும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருளர் குடும்பம் ஒன்று முன்பணம் வாங்கிச் சூளைக்குப் போகிறது. கடன் தீரும்வரை வெளியே வர முடியாது. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்டது, முன்பணம் ஒழியவில்லை. அந்தக் குடும்பம் குறைந்த கூலிக்கு வெயிலிலும் புகையிலும் வேலை செய்கிறது என்றால், தன் உடம்பையும் உயிரையும் அவ்வளவு குறைவாகத்தான் அது மதிக்கிறது என்று யாராவது கணக்கெழுத முடியுமா?

இதையே ஒரு படி மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். கொத்தனாருக்குக் கையாளாகப் போனால் ஒரு நாளைக்கு 700 ரூபாய், சாக்கடை வேலைக்குப் போனால் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆபத்து அதிகமான வேலைக்குக் கூலி 200 ரூபாய் குறைவு. இப்போது அந்தச் சூத்திரத்தைப் போட்டால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. அந்த ஆள் சாவதற்குத் தானே காசு கொடுக்கிறான் என்று அர்த்தம் வரும். மனிதனுக்குப் பைத்தியம் இல்லை. சூத்திரம்தான் தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் இந்தத் துறையின் முன்னோடியான கிப் விஸ்கூசி 2003இல் வெளியிட்ட ஆய்வு, கருப்பினத் தொழிலாளர்களுக்கு மரண ஆபத்துக்காகக் கிடைக்கும் ஈடு வெள்ளையருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு என்று காட்டியது. இங்கே, முன்னர் சொன்ன மாதேஸ்வரன் பால் அட்டவெலுடன் சேர்ந்து 2007இல் இன்னொரு ஆய்வும் வெளியிட்டார். நகரங்களில் மாதச் சம்பள வேலைகளில், ஒரே தகுதி இருந்தும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பாகுபாட்டால் 15 சதவீதம் குறைவாகச் சம்பளம் பெறுகிறார்கள் என்பது அதன் முடிவு. ஒரே ஆய்வாளர், ஒரே ஆண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்குப் பாடம் கிடைக்கிறது: பாகுபாடு ஏறிய கூலியிலிருந்து உயிருக்கு மதிப்பு எடுத்தால், அந்தப் பாகுபாடு உயிருக்குள்ளும் ஏறிவிடும்.

நாடுகளுக்கு இடையிலும் இது நடந்தது. 1990களின் நடுவில் ஐ.நா.வின் காலநிலைக் குழு அறிக்கைக்காகச் சில பொருளாதார அறிஞர்கள் சேதக் கணக்குப் போட்டபோது, பணக்கார நாட்டு உயிருக்கு 15 லட்சம் டாலர், ஏழை நாட்டு உயிருக்கு 1 லட்சம் டாலர் என்று வைத்தார்கள். இந்தியா கடுமையாக எதிர்த்தது. வெளியே 'எங்கள் உயிர் பதினைந்தில் ஒரு பங்கா?' என்று கேட்ட தேசம், உள்ளே சேரியைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இந்த விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982இல், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்தால் அது அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி எழுதினார். அடித்து வேலை வாங்குவது மட்டும் கட்டாயம் அல்ல. பசியும் வறுமையும் வேறு வழியை அடைத்துவிட்டால் அதுவும் கட்டாயமே என்பது அதன் சாரம். கட்டாயத்தில் வாங்கிய கூலியை விருப்பத்துக்குச் சாட்சியாக எந்தக் கணக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இழப்பீட்டுச் சட்டத்துக்குள்ளும் அதே தராசு

நாங்கள் மரத்தடியில் போட்ட கணக்கு நாங்களாகக் கண்டுபிடித்தது அல்ல. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் கணக்கிட்டது. மாதக் கூலியில் பாதியை, வயதுக்கேற்ற ஒரு காரணி எண்ணால் பெருக்க வேண்டியிருந்தது. 30 வயதுக்கு அந்த எண் 207.98. மாதம் 15,000 ரூபாய் வாங்கியவர் இறந்தால் 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய். அதே வயது, அதே விபத்து, கூலி மட்டும் 8,000 என்றால் 8,31,920 ரூபாய். இரண்டு பேரும் ஒரே குழியில் விழுந்தாலும் விடை இரண்டு. உயிரோடு இருந்தபோது ஏமாற்றப்பட்டவன், செத்த பிறகும் அதே விகிதத்தில் ஏமாற்றப்படுகிறான்.

இதற்கு மாறான பாதையும் நம்மிடம் இருக்கிறது. சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று, பல்ராம் சிங் வழக்கில், விலைவாசியைக் கணக்கில் கொண்டு அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம். தொகை போதுமா என்பது வேறு வாதம். கவனிக்க வேண்டியது, இந்தத் தொகைக்கு இறந்தவரின் கூலி என்ன என்று யாரும் கேட்பதில்லை, வயதையும் கேட்பதில்லை. ஒரு உயிர் என்றால் ஒரு உயிர். அந்த அம்மாவின் கேள்விக்கு நீதிமன்றம் தந்த பாதிப் பதில் இது.

அப்படியானால் எண்ணே வேண்டாமா?

'உயிருக்கு விலையில்லை, இந்தக் கணக்கையே தூக்கி எறியுங்கள்' என்று தோழர்கள் சிலர் சொல்வார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எண்ணைப் போடாவிட்டால் பட்ஜெட்டில் உயிர் பூஜ்யமாகத்தான் ஏறும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், ஆலைகளில் உள்ள நச்சுப் பொருட்களின் மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டும் விதி வந்தபோது, செலவு அதிகம் என்று முதலில் தடுத்தார்கள். அந்தக் கணக்கில் உயிரின் மதிப்பு, இழந்த சம்பளம் மட்டுமே. விஸ்கூசி அதே கணக்கைப் புள்ளியியல் உயிர் மதிப்பை வைத்து மறுபடி போட்டுப் பயன்தான் அதிகம் என்று காட்டினார். விதி நடைமுறைக்கு வந்தது. எண்ணை யார் போடுகிறார்கள், எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆகவே எங்கள் நிலை இது. செத்தபின் தரும் தொகையைக் குறைக்க நம் கூலியை யாரும் அளவுகோலாக எடுக்கக் கூடாது. சாவைத் தடுக்கும் செலவைக் கேட்கும்போது, மறுக்கும் உரிமை உள்ள தொழிலாளியின் உயிருக்குப் போட்ட மதிப்பையே நம் உயிருக்கும் போடு என்று கேட்போம். நகராட்சியோ ஊராட்சியோ சாக்கடை அடைப்பெடுக்கும் இயந்திரத்துக்குக் காசில்லை என்று சொன்னால், உங்கள் தராசில் எங்கள் ஆளுக்கு எவ்வளவு போட்டீர்கள், எழுதிக் காட்டுங்கள் என்று கேட்போம்.

சாவு வீட்டு வாசலில்

இங்கே வந்திருக்கும் மாணவர்கள் நாளை ஒரு நாள் எங்களைப் போலச் சாவு வீட்டு வாசலில் உட்கார வேண்டி வரலாம். அன்று எங்களுக்குத் தெரியாமல் போனவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

தொகை பேசுவதற்கு முன் வழக்குப் பதிவாக வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பில்லாமல் ஆளைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ இறக்குவதைத் தடை செய்கிறது. 9ஆம் பிரிவு தண்டனை சொல்கிறது. இறந்தவர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(j) பிரிவும் சேர வேண்டும். 'தவறி விழுந்தார்' என்று முதல் தகவல் அறிக்கை எழுதவிடாதீர்கள்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பொருந்திய இடங்களில், மரணத்துக்கான தொகையை முதலாளி ஆணையரிடம் செலுத்த வேண்டும் என்பது விதியாக இருந்தது. வீட்டுத் திண்ணையில் நேரடியாகக் கொடுப்பது இழப்பீடு கொடுத்ததாகாது. 'இனி எதுவும் கேட்க மாட்டோம்' என்று கையெழுத்து வாங்கினாலும் அந்த உரிமை போகாது. அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொன்னது. அன்று எங்களுக்கு இது தெரிந்திருந்தால் அந்தத் தாளில் அந்த அம்மா கைநாட்டு வைத்திருக்க மாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாராவது "ஒரு தொகை சொல்லுங்க" என்று கேட்டால், கூலியை விசாரிக்காதீர்கள். 30 லட்சத்திலிருந்து தொடங்குங்கள்.

அந்தப் பையனின் கூலி குறைவாக இருந்தது. அவன் குறைவானவன் என்பதால் அல்ல. 'மாட்டேன்' என்று சொல்ல அவனுக்கு வழி இல்லாததால். கூலி காட்டியது அவன் உயிரின் விலையை அல்ல, இந்த ஊர் அவனுக்கு விட்டுவைத்த சுதந்திரத்தின் அளவை. அம்மா, உங்கள் பிள்ளை கம்மி இல்லை. நாங்கள் போட்ட கணக்குதான் தப்பு.

ஜெய்பீம்.